‘யுவர் கைஸிஸ் ஹவுஸ்’: இதை எப்பிடித் தமிழில போடுறது?

சப்ரைற்றில்காரன்:
அமெரிக்கத் தொடர் ஒண்டு. மூண்டு சினேகிதியள் இருக்கிற வீட்டுக்கு வந்தவள் ‘ஐ லவ் யுவர் கைஸிஸ் ஹவுஸ்’ (your guys's house) எண்டுறாள். முதல் வரைவில ‘உங்கட பெடியளின்ர வீடு நல்ல வடிவு’ எண்டு கிடக்கு. அங்க ஒரு பெடியனும் இல்லை! ‘யுவர்’ மட்டும் காணாதோ? இன்னொருத்தி ‘யோல்ஸ்’ எண்டுறாள். ரெண்டும் ஒண்டோ?

கொக்குவில் வாத்தி:
வரைவு பிழை. ‘யூ கைஸ்’ எண்டால் ‘நீங்கள் எல்லாரும்’. ஆண் பெண் பேதமில்லை. அதுக்கு ஆறாம் வேற்றுமை வேண்டி வரேக்க சனம் ரெண்டு இடத்திலயும் உருபு போடுது: ‘யூ’ எண்டது ‘யுவர்’ ஆகுது, ‘கைஸ்’ஸுக்குப் பின்னால இன்னொரு ‘இஸ்’ வருது. எங்கட ஆக்கள் ‘உங்கட எல்லாற்ர வீடும்’ எண்டு ரெட்டிப்பாச் சொல்லுற மாதிரித்தான். முதல் சொல்லை விட்டிட்டு ‘யூ கைஸிஸ்’ எண்டு சொல்லுறவையும் இருக்கினம்.

காதுக்குச் சோதனை இது: ‘கைஸ்’ எண்டு ஒரு அசையோட நிண்டால் ‘உங்கட ஆக்கள்’ ஆக இருக்கலாம். ‘கைஸிஸ்’ எண்டு ரெண்டு அசை கேட்டால் உடைமை. ஆனால் ‘உங்கட ஆக்களின்ர’ எண்டதுக்கும் அதே ஒலி வரும், அதால முன் வசனத்தில வேற ஆக்களைப் பற்றிக் கதைச்சவையோ எண்டு பாருங்கோ. கதைக்கேல்லை எண்டால், வெறும் ‘யுவர்’ போட்டு வாசியுங்கோ. பொருள் அப்பிடியே நிண்டால் பிரச்சினை முடிஞ்சுது.

எழுத்தில ஆளாளுக்கு ஒரு மாதிரி. பள்ளிக்கூட விதிப்படி பன்மை எஸ்ஸுக்குப் பிறகு அப்பொஸ்ரபி (’ எண்ட மேற்குறி) மட்டும் போட்டால் அந்த ரெண்டாவது அசை கண்ணுக்குத் தெரியாது. அதாலதான் பலர் இன்னொரு எஸ்ஸையும் ஒட்டுகினம்.

வடமராட்சி:
‘யோல்ஸ்’ அதே வேலைதான், ஆனால் ஊர் வேற: அமெரிக்கத் தெற்கு. ‘யோல்’ எண்டது ‘யூ ஓல்’ (நீங்கள் எல்லாரும்) சுருங்கினது. லகரத்தில முடியிறதால கூடுதல் அசை வேண்டாம், வெறும் ‘ஸ்’ போதும். எழுதேக்க ரெண்டு அப்பொஸ்ரபி: ‘வை’ (y) எழுத்துக்கும் ‘ஏ’ (a) எழுத்துக்கும் நடுவில ஒண்டு, கடைசி எஸ்ஸுக்கு முன்னால ஒண்டு (y'all's). முதலாவதை ஏக்குப் பின்னால போடுறதுதான் வழமையான பிழை. விடுபட்டது ‘யூ’வின்ர வால் எண்டு நினைச்சால் இடம் மாறாது. ‘யுவர்’, ‘யுவர்ஸ்’ எண்ட பிரிவு இங்க இல்லை. ‘யோல்ஸ் கார்’, ‘இஸ் திஸ் யோல்ஸ்?’ ரெண்டுக்கும் ஒரே சொல். ‘ஓல் யோல்ஸ்’ எண்டு வந்தால் மட்டும் ‘உங்கள் எல்லாற்ரயும்’ எண்டு அழுத்திப் போடுங்கோ.

அமெரிக்காவின்ர பிற்ஸ்பேர்க் நகரப் பக்கம் ‘நீங்கள் எல்லாரும்’ எண்டதுக்கு ‘யின்ஸ்’, அதின்ர உடைமை ‘யின்ஸிஸ்’. அயர்லாந்தின்ர தெற்கு, மேற்கில ‘யீ’ எண்டு சொல்லி, உடைமைக்கு ‘யீர்’ எண்டினம். அங்க அப்பொஸ்ரபிக்கு வேலையே இல்லை, எனக்குப் பிடிச்சதும் உதுதான். ஆங்கிலத்துக்கு இந்தக் கஷ்டம் ஏனெண்டால், ஒருமைக்கு இருந்த ‘தௌ’ 17ஆம் நூற்றாண்டு முடியிறதுக்குள்ள பொதுப்பேச்சில ஒதுங்கிப் போச்சு. மரியாதைக்கு வந்த பன்மை ‘யூ’ ஒருமையையும் விழுங்கினதால, பன்மைக்கு ஊருக்கொரு ஒட்டுப் போடவேண்டி வந்துது.

சப்ரைற்றில்காரன்:
அப்ப ‘உங்கட வீடு நல்ல வடிவு’ எண்டே விடட்டோ? சினேகிதியளுக்குள்ள ‘உங்கட’ மரியாதை கூடிப் போகாதோ?

கொக்குவில் வாத்தி:
கூடாது. ‘நீ, உன்ர’ எண்டு கதைக்கிறவையும் ரெண்டு பேரைச் சேர்த்துச் சொன்னால் ‘நீங்கள், உங்கட’ எண்டுதானே வருவினம். பன்மையில எங்களுக்கு வேற வழியில்லை. ஒருத்தியை மட்டும் பார்த்துச் சொல்லுற வசனத்திலதான் ‘உன்ர’வோ, ‘உம்மட’வோ எண்டு யோசிக்கவேணும். அப்ப கமரா ஆரைக் காட்டுது எண்டு பாருங்கோ. ‘யுவர்’ எண்டு மட்டும் வாற இடங்களில இதைத் தவற விட்டால், ஒரே சினேகிதி ஒரு காட்சியில ‘உன்ர’, அடுத்ததில ‘உங்கட’ எண்டு மாறி மாறி வரும்.