தன்னுண்ணலைத் தடுப்பதா, தூண்டுவதா? லைசோசோமைக் குறிவைக்கும் புற்றுநோய் மருத்துவம்

நுண்ணோக்கி (கேள்வி):
செல் தன் பழுதான பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் தன்னுண்ணல் (ஆட்டோஃபேஜி) குறித்த ஆய்வுக்காக ஜப்பானிய உயிரியலாளர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்ததிலிருந்து, உண்ணாநோன்பு தன்னுண்ணலைத் தூண்டிச் செல்களின் கழிவை அகற்றிப் புற்றுநோயைத் தடுக்கும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. ஆனால் புற்றுநோய் ஆய்வாளர்களோ, மலேரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கொண்டு அதே தன்னுண்ணலைத் தடுக்க முயல்கிறார்கள். இவ்விரண்டில் எது சரி?

ஆய்வகவாசி:
இரண்டும் வெவ்வேறு கட்டங்களுக்குப் பொருந்துபவை. சேதமடைந்த மைட்டோகாண்ட்ரியாவையும் பழுதான புரதங்களையும் உறையிட்டு, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்கு அனுப்பிச் செரிப்பதுதான் தன்னுண்ணல் என்பதால், இயல்பான செல்லில் அது மரபணுச் சேதத்தைக் குறைக்கிறது. தன்னுண்ணலுக்குத் தேவையான பெக்லின்-1 மரபணுவின் இரு நகல்களில் ஒன்றை இழந்த எலிகளில் கட்டிகள் தாமாகவே மிகுதியாகத் தோன்றியதை 2003-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. கட்டி உருவான பிறகு கதை மாறிவிடுகிறது. இரத்த ஓட்டம் குறைந்த, ஊட்டமற்ற சூழலில் வளரும் புற்றுச்செல், தன் உறுப்புகளையே செரித்து அமினோ அமிலங்களைப் பெற்றுப் பிழைக்கிறது. கல்லீரலில் ஏடிஜி-5 என்ற மற்றொரு தன்னுண்ணல் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குக் கட்டிகள் வந்தன, ஆனால் அவை தீங்கற்ற கட்டிகளாகவே நின்றுவிட்டன என்பது இவ்விரு முகங்களையும் ஒரே சோதனையில் காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. உண்ணாநோன்பு பற்றிய பேச்சு முதல் கட்டத்தை மட்டுமே பார்க்கிறது. ஏற்கெனவே கட்டி உள்ளவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

மருந்தியல் மாணவி:
தடுக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டாலும், கையிலிருக்கும் மருந்து அதற்குப் போதுமானதா என்பதே என் ஐயம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உள்ளிட்ட குளோரோகுயின் வகை மருந்துகள் வலுக்குறைந்த காரங்கள். அமிலத்தன்மை மிக்க லைசோசோமுக்குள் நுழைந்ததும் புரோட்டானை ஏற்று மின்னேற்றம் பெறுவதால் வெளியேற முடியாமல் அங்கேயே குவிந்து, செரிமானத்தைக் குலைக்கின்றன. ஆய்வகத் தட்டில் இது தெளிவாக நடக்கிறது. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் உள்ளவர்களிடம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கொண்டு நடந்த சோதனையிலோ நாளொன்றுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் தாங்க இயலவில்லை, அந்த அளவில் தன்னுண்ணல் சீராகத் தடைபடவும் இல்லை. பரவிய கணையப் புற்றுநோயில் 112 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2019-இல் வந்தது: கீமோதெரபியுடன் இம்மருந்தும் பெற்றவர்களில் கட்டி சுருங்கியோர் 38 விழுக்காடு, பெறாதவர்களில் 21, ஆனால் ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் முறையே 41, 49 விழுக்காடு, அதாவது ஆயுள் நீளவில்லை.

நுண்ணோக்கி:
நோயாளியின் கட்டிக்குள் தன்னுண்ணல் உண்மையிலேயே தடைபட்டதா என்பதை எப்படி அறிகிறார்கள்?

ஆய்வகவாசி:
இத்துறையின் பலவீனமான இடம் அதுதான். வழக்கமாக அளக்கப்படும், தன்னுண்ணல் உறையில் ஒட்டிக்கொள்ளும் எல்சி-3 புரதத்தின் கொழுப்பு இணைந்த வடிவம், தன்னுண்ணல் தூண்டப்பட்டாலும் கூடும், இறுதிக்கட்டத்தில் தடைபட்டாலும் தேங்கிக் கூடும். ஆகவே ஒற்றை அளவீடு எதையும் உறுதிப்படுத்தாது. பல சோதனைகளில் கட்டியின் திசுவுக்குப் பதில் இரத்தத்தின் வெள்ளையணுக்களிலேயே அளந்தார்கள். குளோரோகுயின் தன்னுண்ணலை மட்டும் தாக்குவதில்லை என்பதும் ஒரு சிக்கல்: வெளியிலிருந்து விழுங்கிய புரதத்தைச் செரிப்பதும் லைசோசோம்தான், வளர்ச்சியைத் தீர்மானிக்கும் எம்டார் என்ற புரத வளாகம் அமர்ந்து செயல்படுவதும் அதன் மேற்பரப்பில்தான்.

மருந்தியல் மாணவி:
அதனால்தான் இலக்குகள் இரு திசைகளில் பிரிந்திருக்கின்றன. தன்னுண்ணலின் தொடக்கத்திலேயே அதை முடுக்கிவிடும் யுஎல்கே-1 நொதியைத் தடுப்பது ஒன்று. லைசோசோமில் உள்ள பிபிடி-1 நொதியை, குளோரோகுயினைவிட வலிமை மிக்க, இரு மருந்து அலகுகளை ஒன்றாக இணைத்த இரட்டை மூலக்கூறுகளால் தாக்குவது மற்றொன்று. துணைமருந்தின் தேர்வும் முக்கியம். கேராஸ் மரபணுவில் பிறழ்வுள்ள கணையப் புற்றுச்செல்களில், வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் மெக் நொதியின் தடுப்பானைக் கொடுத்தால் அவை தன்னுண்ணலை மேலும் கூட்டிக்கொள்வதாக 2019-இல் கண்டறிந்தார்கள். அந்தத் தப்பும் வழியையும் சேர்த்து அடைப்பது, கீமோதெரபியோடு கண்மூடித்தனமாகச் சேர்ப்பதைவிடப் பொருத்தமானது. எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: புற்றுச்செல்லைத் தேடி ஒட்டும் எதிர்ப்பொருளோடு நஞ்சைப் பிணைத்த, டிராஸ்டுசுமாப் எம்டான்சின் போன்ற எதிர்ப்பொருள் இணைப்பு மருந்துகள் தம் நஞ்சை விடுவிப்பதற்கு லைசோசோமின் செரிமானத்தையே நம்பியிருப்பதால், அவற்றோடு லைசோசோம் தடுப்பானைச் சேர்த்தால் மருந்தின் வேலையே கெடக்கூடும்.