இழை: 'ராட்டன் பரோ'வுக்குத் தமிழ் என்ன?

ந.: வணக்கம். பிரிட்டிஷ் நாடாளுமன்ற வரலாற்று நூலில் 'ஓல்டு சேரம்' இயல் திங்களன்று அச்சுக்குப் போகிறது. பரோ என்றால் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பிய ஊர்; ராட்டன் பரோ, ஆள் தேய்ந்தும் அந்த உரிமை போகாத ஊர். ராட்டன் பரோ, பாக்கெட் பரோ, பர்கேஜ், மூன்றுக்கும் சொல் வேண்டும். இப்போதைக்கு 'அழுகிய தொகுதி' என்று போட்டிருக்கிறேன், நெருடுகிறது.

கு.: நெருடத்தான் செய்யும். அழுகுவது பழம், நாற்றம் ஊரைக் கூட்டிவிடும். ஓல்டு சேரத்தில் ஆரவாரமே இல்லை. 1220-களில் பேராலயம் கீழே சால்ஸ்பரிக்கு இடம்பெயர, ஊரும் பின்னாலேயே இறங்கிவிட்டது. மேட்டில் மிஞ்சியது கோட்டை மண்ணும் புல்லும். ஆனாலும் தேர்தல் ஆணை வரும், ஓர் எல்ம் மரத்தடியில் வாக்களிப்பு நடக்கும், இரண்டு உறுப்பினர் லண்டன் போவார்கள். 1831-இல் வாக்காளர் 11 பேர். மான்செஸ்டருக்கோ தனி உறுப்பினரே கிடையாது. தோல் முழுசாக, உள்ளே மாவு: இதை நம் ஊரில் 'உளுத்தது' என்போம். உளுத்த பரோ.

தா.: பள்ளிப் பிள்ளைகள் உளுந்து என்று படிப்பார்கள் ஐயா. 'சொத்தைத் தொகுதி' போதாதா? கத்தரிக்காய் வாங்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

வே.: 'பரோ'வை ஏன் அப்படியே வைக்க வேண்டும்? மூலம் 'பர்ஹ்', அதாவது கோட்டை. அது நம் 'புரம்'தானே! காஞ்சிபுரம் போல 'உளுபுரம்' எனலாம்.

கு.: வேண்டாம். 'புரம்' p ஒலியில் தொடங்கும் வேர். 'பர்ஹ்' b ஒலியில் தொடங்குவது, அது இந்தோ-ஐரோப்பிய 'ப்ஹ'விலிருந்து (bh) வந்தது. சமஸ்கிருதத்தில் அதற்கு நேர் 'ப்ருஹத்': உயர்ந்த, பெரிய. உறவு தேட வேண்டுமானால் தஞ்சைப் பிரகதீசுவரரிடம் போங்கள், காஞ்சிபுரத்திடம் அல்ல.

வே.: அப்படியானால் 'பெருவூர்'!

தா.: ஆளே இல்லாத இடத்துக்குப் பெருவூரா?

ந.: திங்கள்கிழமை. நினைவிருக்கட்டும்.

செ.: முதலில் இரண்டையும் பிரியுங்கள். ராட்டன் என்பது ஊர் தேய்ந்தது. பாக்கெட் என்பது ஒருவர் கைக்குள் இருப்பது. கடல் தின்ற டன்விச் முதல் வகை. ஓல்டு சேரம் இரண்டும். அங்கே வாக்கு ஆளுக்கு இல்லை, பர்கேஜ் என்ற மனைக்கு. மனை யாருடையதோ வாக்கு அவருடையது. முழுவதையும் ஒருவரே வாங்கிவிட்டால், தேர்தலுக்குச் சற்று முன் வழக்கறிஞர் ஒவ்வொரு மனையையும் நம்பிக்கையான ஒருவர் பேருக்கு எழுதிவைப்பார். வாக்களித்ததும் திருப்பி எழுதிக்கொள்வார். வாங்கியவர் திருப்பித் தர மறுத்தால்தான் சிக்கல். எனவே பர்கேஜ் 'மனைவாக்கு'. அந்த ஆட்கள் 'பினாமி வாக்காளர்'.

வே.: பினாமி பாரசீகம்.

செ.: பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள்.

தா.: வைரத்தை விற்ற காசில் ஓல்டு சேரத்தை வாங்கிய பிட், நம் மெட்ராஸ் கவர்னர்தானே? அடிக்குறிப்பு போடலாம்.

செ.: ஆள் சரி, வரிசை தவறு. தாமஸ் பிட் அந்தப் பண்ணையை வாங்கியது 1691-வாக்கில். புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தது 1698–1709. வைரம் வாங்கியது அந்தப் பதவிக்காலத்தில். அதை ஆர்லியன்ஸ் கோமகனிடம் விற்றது 1717-இல். பேரன் வில்லியம் பிட் 1735-இல் அதே தொகுதியிலிருந்துதான் அவைக்குள் நுழைந்தார். அடிக்குறிப்பில் வைரம் மின்னட்டும், காசு வேண்டாம்.

கு.: பாக்கெட் பரோவுக்கு 'மடிப் பரோ'. வேட்டி மடியில் முடிந்த காசு போல. 'சட்டைப்பை' என்றால் தையற்கடை நினைவு வரும்.

வே.: மடி என்றால் சோம்பல். மடியின்மை அதிகாரத்தையே மறந்தீர்களா?

கு.: அதே அதிகாரத்தில் 'மடிமடிக் கொண்டொழுகும்' என்று தொடங்கி, 'குடிமடியும்' என்று மூன்றாவது மடியும் வருகிறதே. வள்ளுவருக்குக் குழம்பவில்லை.

தா.: ஒன்பதாம் வகுப்புக்குக் குழம்பும். 'கைப்பிடித் தொகுதி' என்பேன். இருக்கட்டும், 'பாட்வாலபர்' நூலில் வருகிறதா? தனியாக உலை வைத்தால் வாக்கு உண்டு என்ற ஊர்கள்.

ந.: ஹானிடன் பற்றி ஒரு வரி வருகிறது.

தா.: அப்படியானால் 'தனியுலை வாக்காளர்'. தனிக்குடித்தனம் தெரிந்தவருக்கு உரையே வேண்டாம்.

(இதற்கு மட்டும் மறுப்பு வரவில்லை.)

ந.: முடிக்கிறேன். ராட்டன்: உளுத்தப் பரோ. பாக்கெட்: கைப்பிடித் தொகுதி. பர்கேஜ்: மனைவாக்கு. 1832 சீர்திருத்தச் சட்டத்தின் 'ஏ' பட்டியல் 56 ஊர்களின் நாடாளுமன்ற இடங்களை முழுதாகப் பறித்தது என்ற வாக்கியத்தில் 'உளுத்த' 3 முறை வருகிறது, ஒன்றைக் குறைக்கிறேன்.

கு.: பெயரெச்சத்தின் பின் ஒற்று மிகாது. உளுத்த பரோ. ஒன்றில் பரோ, இன்னொன்றில் தொகுதி என்பதும் சரியில்லை. கவுண்டித் தொகுதிகள், அதாவது மாவட்டத் தொகுதிகள், வேறு இருக்கின்றன. மடிப் பரோவே சரி.

வே.: பெருவூர்.