‘மண் ஆழம்’ போதுமா? நீரியல் மாதிரிகளுக்கான சொல் குறித்து

குழுவினருக்கு வணக்கம்.

நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழைநீர் எப்படி ஓடும், எவ்வளவு தேங்கும் என்று கணிக்கும் கணினி மாதிரிகளில் வரும் ‘சாயில் டெப்த்’ என்பதை ‘மண் ஆழம்’ என்றே எழுதிவிடலாம் என்ற கருத்து முந்திய மடல்களில் மேலோங்கியுள்ளது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஒரு பெயருக்குள் மூன்று வெவ்வேறு அளபுருக்கள் (மாதிரிக்கு நாம் தரும் அளவுகள்) ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, தரைமட்டத்திலிருந்து ஓர் அடுக்கின் அடிவரை உள்ள தொலைவு. ஸ்வாட் (SWAT) என்ற நீரியல் மாதிரி ஒவ்வோர் அடுக்குக்கும் கேட்பது இதைத்தான். 300, 400, 500 மில்லிமீட்டர் தடிமனுள்ள மூன்று அடுக்குகள் இருந்தால் 300, 700, 1200 என்று கூட்டிக்கொண்டே போய் உள்ளிட வேண்டும். தடிமன்களையே இட்டுவிட்டால் 1200 மில்லிமீட்டர் மண் 500 ஆகச் சுருங்கி, நீரைத் தேக்கும் இடம் குறைந்து, மழை பெய்தவுடன் ஓடை பொங்குவதாக மாதிரி காட்டும். பிறகு நாம் காரணம் புரியாமல் வளைவெண்ணை (மழையில் எவ்வளவு ஓடிவிடும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணை) திருத்திக்கொண்டிருப்போம். ஆகவே ‘அடுக்கு ஆழம்’ வேறு, ‘அடுக்குத் தடிமன்’ வேறு.

இரண்டாவது, வேர் இறங்கக்கூடிய எல்லை. இதற்கு ‘வேராழம்’ போதும்.

சிக்கல் மூன்றாவதில்தான். மண் முழுவதன் தடிமனுக்கு நண்பர் ஒருவர் ‘பாறைவரை ஆழம்’ என்று முன்மொழிந்திருந்தார். ஆனால், எடுத்துக்காட்டாக, மலேசியாவின் பினாங்குக் கொடிமலையில் அந்தப் பாறை எங்கே தொடங்குகிறது? அது கருங்கல் மலை. வெப்பமும் மழையும் சேர்ந்து கல்லை ஆழம்வரை சிதைத்திருக்கின்றன. சாலைக்காக வெட்டிய சரிவுகளில், மேலே செம்மண்ணும், அதன்கீழ் பாறையின் வரிகள் மாறாமல் இருந்தும் விரலால் நசுக்கினால் உதிர்ந்துவிடும் சிதைவும், இடையிடையே உருண்டைக் கற்களும் கலந்து கிடப்பதைக் காணலாம். பொறியாளர்கள் இச்சிதைவை ஆறு படிகளாகப் பிரிப்பதே, கோடு கிழித்தாற்போன்ற எல்லை இல்லை என்பதற்குச் சான்று. உதிரும் அப்பகுதியிலும் நீர் ஊடுருவும். ஆகவே நீர் கசிந்து செல்லும் வேகம் சட்டெனக் குறையும் மட்டத்தையே மாதிரி அமைப்பவர் அடியெல்லையாகக் கொள்ள வேண்டியுள்ளது. அது உழவர் சொல்லும் மண்ணுமன்று, நிலவியலாளர் சொல்லும் பாறையுமன்று.

எனவே ‘நீரியல் மண்தடிமன்’ என்பதை முன்வைக்கிறேன். ‘மண்கனம்’ எடையைக் குறிப்பதாகத் தோன்றும். ‘மண்ணடி’ என்றால் சென்னைக்காரர்கள் ஊர்ப்பெயர் என்று நினைப்பார்கள்! நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் டி.எச்.எஸ்.வி.எம். (DHSVM) போன்ற மாதிரிகளில் இந்த அளவு கட்டத்துக்குக் கட்டம் மாறுவதால், ‘மண்தடிமன் வரைபடம்’ என்று தொடராக்கவும் இச்சொல் இடந்தருகிறது. ‘நீரியல்’ என்ற அடைமொழியை எல்லா இடத்திலும் இட வேண்டுமா, முதல் வரையறையில் மட்டும் போதுமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.