க்ரோவி போயிருக்கிறீர்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

வடகாற்று:
எழுதுவது க்ரோவி, ஊரார் வாயில் க்ரிவி. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், கடலை ஒட்டி ஒற்றை வரிசையாய் வீடுகள் நிற்கும் பழைய மீனவ ஊர். ஒரு ஜனவரியில் நான்கு நாளுக்கு அங்கே வாடகைக்கு வீடு எடுத்திருந்தேன். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கடலோர நடைபாதையில் ஒரு பாட்டி தள்ளுவண்டியில் மளிகையும் விறகும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கார் நுழையாத ஊர், எல்லாம் அந்த ஒற்றைச் சக்கர வண்டியில்தான். "நான் தள்ளட்டுமா?" என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, எந்த வீட்டில் தங்கியிருக்கிறேன் என்று கேட்டார். காட்டினேன். "ஓ, எங்கள் அத்தை வீடு" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் வரிசை முழுக்க மூன்றே ஜன்னலில் வெளிச்சம். அதில் ஒன்று நான் போட்டுவிட்டு வந்தது. மற்றவை பெரும்பாலும் விடுமுறைக்கு மட்டும் ஆள் வருகிற வீடுகள். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கரைவலை:
விடுமுறைக்கு வருகிறவர்கள்தான் ஊரைக் காலி செய்தார்கள் என்பதுபோல் இருக்கிறது இது. 1953 ஜனவரி 31 புயலை மறந்துவிட்டீர்களே! கட்டடங்களையே கடல் அடித்துக்கொண்டு போனது. பயந்து பலர் வெளியேறினார்கள். வெளியூர்க்காரர்கள் வாங்கிக் கூரையைச் சரிசெய்யாமல் இருந்திருந்தால் இன்று வெறும் கற்குவியல்தான். நான் போனபோது வடக்குக் காற்று. அங்கே வீடுகள் பக்கச்சுவரைத்தானே கடலுக்குக் காட்டி நிற்கின்றன? உள்ளிருந்து அந்தச் சுவரில் கையை வைத்தேன். ஒவ்வொரு அலைக்கும் கல் அதிர்ந்தது. அந்த அதிர்வு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

உப்புக்கல்:
எல்லாவற்றையும் புயல் தலையில் கட்டாதீர்கள். படகுகள் பெரிதானதும் மீன்தொழில் ஃப்ரேசர்பரோ, பீட்டர்ஹெட் துறைமுகங்களுக்குப் போய்விட்டது. அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டில் ஆடு மேய்ப்பதற்காக நிலப்பிரபுக்கள் துரத்திய குடும்பங்கள்தான் அந்தக் கரைக்கு வந்தன. உழுதவர்கள் கடலுக்குப் போனார்கள். காலாகாலமாக அந்த மக்களை யாரோ ஒருவர் நகர்த்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

நான் கண்டது சின்ன விஷயம். கடலோரக் கொடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், சட்டைக்கு நாலு கிளிப் வீதம்.

அப்புறம், போகிறவர்களுக்கு: காரை மேட்டிலேயே நிறுத்துங்கள், கீழே ஊர் முனையில் நிறுத்த இருக்கிற இடம் ஊர்க்காரர்களுக்கே போதாது. சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப்பை போதும். நடைபாதை வீட்டு வாசலை ஒட்டியே போகிறது, ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். பாதை திறந்திருந்தால் பக்கத்து ஊரான கார்டன்ஸ்டவுனுக்குக் கரையோரமாக நடக்கலாம், ஆனால் கடல் கொந்தளிக்கும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். மே, ஜூனில் போனால் அருகிலுள்ள ட்ரூப் ஹெட் பாறைமுனையில் கேனட் என்கிற பெரிய வெள்ளைக் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருக்கும். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காற்று தாங்கும் சட்டை கட்டாயம்.

வடகாற்று:
யார் குற்றம் என்று நான் கேட்கவே இல்லை. அத்தை வீடு என்று சொன்னபோது பாட்டி வண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.