சாயச் செய்முறையை முழுமையாக வெளியிடலாமா? (குழு விவாதம்; பேசுவோரின் பெயர்கள் சாயப்பொருள்களின் பெயர்களாலான புனைபெயர்கள்)

அவுரி:
நம் குழு தொகுத்து வரும் தாவரச் சாயக் குறிப்பேட்டிலிருந்து அவுரித் தொட்டி (அவுரி இலையின் நீலத்தைத் துணியில் ஏற்றும் கரைசல்), சாயவேர் (வேரில் சிவப்புச் சாயம் தரும் செடி) ஆகிய இரண்டு பக்கங்களையும் எடுத்துவிட வேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் கேட்டிருக்கிறார். பரம்பரையாகச் சாயமிடுவோரிடம் கற்றவற்றை அளவுகளோடு பொதுவில் வைப்பது முறையன்று என்பது அவர் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1869-இல் செயற்கை அலிசரினும் (சாய வேர்களில் உள்ள சிவப்பு நிறப்பொருள்) 1897-இல் செயற்கை நீலமும் விற்பனைக்கான பொருள்களாக உருவெடுத்த பிறகு, வேரையும் இலையையும் நம்பியிருந்த தொழில் சில பத்தாண்டுகளுக்குள் சுருங்கிப் போனது. தொழிலோடு சேர்ந்து, எழுதப்படாமல் கைப்பழக்கமாகவே இருந்த நுட்பங்களும் போயின. மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை 1997-இல் நீக்கப்பட்டதற்குக் காரணம், அந்தப் பயன்பாடு முன்பே எழுத்தில் இருந்ததைக் காட்ட முடிந்ததுதான். எழுதப்படாத அறிவைக் காப்பது எளிதன்று.

கடுக்காய்:
நண்பர் அவுரி சொல்லும் மஞ்சள் வழக்கு உண்மைதான். ஆனால் எழுத்து பிறர் உரிமை கோருவதைத் தடுக்குமே தவிர, பிறர் எடுத்துப் பயன்படுத்துவதைத் தடுக்காது. பக்கங்களை நீக்கக் கேட்டவன் நான்தான். மரபறிவைப் பெறும்போது அதற்குரிய சமூகத்தின் முன்னிசைவும் பலனில் பங்கும் இருக்க வேண்டும் என்று 2010-இல் ஏற்கப்பட்ட நகோயா நெறிமுறை என்ற பன்னாட்டு ஒப்பந்தம் அரசுகளுக்கே சொல்கிறது. நாம் அவர்கள் அருகில் அமர்ந்து கற்றோம், வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்தோம், பக்கத்தின் கீழே நம் பெயரைப் போட்டுக்கொண்டோம். எழுதலாமா என்று ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அவுரித் தொட்டிப் பக்கத்தில் நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை மூன்று பங்கு என்று எழுதியிருக்கிறோம். அந்த அளவை வைத்துக்கொண்டு மட்டும் யாராலும் நீலம் ஏற்ற முடியாது. தொட்டியின் மேல் செம்பு நிறத்தில் மெல்லிய ஆடை படர வேண்டும். நடுவில் கருநீல நுரை திரள வேண்டும். நுரையை விலக்கிப் பார்த்தால் அடியில் இருக்கும் நீர் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரிய வேண்டும். நீர் நீலமாகவே இருந்தால் தொட்டி இன்னும் தயாராகவில்லை என்று பொருள். அதில் தோய்த்த துணியிலிருந்து நீலம் அலசும்போதே போய்விடும். இதையெல்லாம் பார்த்துப் பழகிய கண்ணைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவீர்கள்?

படிகாரம்:
இருவருமே நல்ல செய்முறைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் கவலை தவறான செய்முறைகளைப் பற்றியது. நம் குறிப்பேட்டில் நான்கு இடங்களில், உப்பும் வினிகரும் நிறத்தைத் துணியில் நிலைநிறுத்தும் என்று எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் நிறமூன்றிகள் அல்ல. வினிகர் கரைசலின் காரத்தன்மையைக் குறைத்துச் சில நிறங்களின் சாயலை மாற்றலாம்; நிறத்தை இழையோடு பிணைக்காது. பிணைப்பது அலுமினியம், இரும்பு போன்ற உலோக உப்புகள். கம்பளி, பட்டு ஆகியவற்றில் படிகாரம் நேராகவே ஏறும். பருத்திக்கோ முதலில் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளில் ஊறவைத்து, அதன் பிறகே படிகாரத்துக்குப் போக வேண்டும்.

சென்ற ஆண்டு மஞ்சள் பக்கத்தை நம்பி ஒரு முழம் பருத்தித் துணிக்குச் சாயமிட்டேன். கண்ணைப் பறிக்கும் மஞ்சள். சோப்பு பட்ட இடமெல்லாம் அப்போதே செம்பழுப்பாக மாறியது. பாதியை அட்டையால் மறைத்து வெயிலில் வைத்தேன், சில நாள்களிலேயே திறந்திருந்த பாதி வெளிறிப் போயிற்று. மஞ்சள் நிலைக்காத சாயம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் துணி வீணாகியிருக்காது. ஒளிக்கு நிறம் எவ்வளவு தாங்கும் என்பதை அளக்க 1 முதல் 8 வரையிலான நீலக் கம்பளி அளவுகோல் இருக்கிறது. அது இல்லாதவர்களுக்கு ஓர் அட்டையும் வெயில் விழும் ஜன்னலும் போதும். சோதித்த முடிவு இல்லாத செய்முறையை வெளியிடக் கூடாது என்பதே என் நிலை.

அவுரி:
படிகாரம் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். அவர் சொல்வது என் பக்க வாதமும்கூட: பொதுவில் இருந்ததால்தான் அந்தத் தவறு அவர் கண்ணில் பட்டது. கடுக்காய் அவர்களே, செம்பு நிற ஆடையையும் பச்சை நீரையும் நீங்கள் இப்போது ஐந்து வரிகளில் எழுதிவிட்டீர்கள். அந்த வரிகள் குறிப்பேட்டில் இருந்தால் புதிதாகத் தொட்டி வைப்பவர் எத்தனை முறை தோற்காமல் தப்புவார்! கண்ணை எழுத முடியாது என்பது சரி. கண் எதைத் தேட வேண்டும் என்பதை எழுத முடியும்.

சாயவேர்:
இந்தக் குழுவில் நான் அதிகம் எழுதுவதில்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சாயமிடுகிறது என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அளவு வெளியே போவதால் எங்கள் பிழைப்பு போய்விடாது. ஒரே வேர், ஒரே படிகாரம், ஒரே கொதி என்று எல்லாம் ஒன்றாக இருந்தும் ஒருவருக்கு நல்ல சிவப்பும் இன்னொருவருக்கு மங்கிய ஆரஞ்சும் வரும், காரணம் தண்ணீர். அலிசரின் சிவப்பு முழுமையாக எழ, அலுமினியத்தோடு சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். மழைநீரில் முக்கினால் அது கிடைக்காது. குறிப்பேட்டில் நாற்பது பக்கங்கள் படித்தேன். எந்தத் தண்ணீர் என்று ஓரிடத்திலும் இல்லை.

என்னை வருத்துவது வேறு. கேட்டிருந்தால் மகிழ்ச்சியோடு சொல்லியிருப்போம், யாரும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய கவலை வேரைப் பற்றியது. இலையைப் பறித்தால் செடி மீண்டும் துளிர்க்கும். வேரைத் தோண்டினால் செடியே போயிற்று. சாயவேரின் வேர் மெலிது என்பதால் ஒரு துணிக்கே கட்டுக் கட்டாக வேண்டும். நூறு பேர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் காட்டுச் செடிகளைத் தோண்டப் புறப்பட்டால் என்ன ஆகும்?

கடுக்காய்:
அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அவுரித் தொட்டிப் பக்கத்தை எடுக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். உங்களுக்காகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, உங்களைக் கேட்காமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் வேர் குறித்த உங்கள் கவலை என் வாதத்தை வலுவாக்கவே செய்கிறது. பாறைகளில் பாசிபோல் படரும், சாயத்துக்குப் பயன்படும் லைக்கனுக்கும் இது பொருந்தும். சில வகைகள் ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. காட்டிலிருந்து எடுக்கப்படும் வேர், லைக்கன் ஆகியவற்றுக்கான செய்முறைகளை, செடியைத் தாமே வளர்ப்பவர்களுக்கு மட்டும் நேரில் கற்பிப்போம். பழைய நூல்களிலிருந்து எடுத்து எழுதிய, பொட்டாசியம் டைகுரோமேட் என்ற நிறமூன்றியின் பக்கமும் போகட்டும். புற்றுநோயை உண்டாக்கும் பொருளைச் சமையலறைப் பாத்திரத்தில் ஒருவர் கொதிக்கவைத்தால் அதற்கு நாமும் பொறுப்பு.

அவுரி:
டைகுரோமேட் பக்கத்தை இன்றே நீக்குகிறேன். ஏன் நீக்கினோம் என்பதையும் அந்த இடத்தில் எழுதுகிறேன், இல்லாவிட்டால் வேறொருவர் அதே பழைய நூலிலிருந்து மீண்டும் சேர்ப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் தண்ணீர், வெயில் சோதனை, யாரிடம் கற்றது, அவர் இசைந்தாரா என்ற நான்கு வரிகள் கட்டாயம் இருக்கும். வேர்களை மறைப்பதில் மட்டும் நான் இன்னும் மாறவில்லை. வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் சொல்வோம் என்றால், வளர்க்கக் கற்றுக்கொடுக்கும் பக்கத்தை முதலில் யார் எழுதுவது?

சாயவேர்:
அதை நான் எழுதுகிறேன். மணற்பாங்கான மண்ணில் விதையிட்டு, வேர் முற்றக் காத்திருந்து தோண்டுவது வரை எழுதுகிறேன். அந்தப் பக்கம் முடியும் வரை சாயமிடும் பக்கத்தை மூடி வையுங்கள்.