மறு: ‘ரெடிமேட்’: தேர்பொருளா, ஆயத்தப்பொருளா?

அனைவருக்கும் வணக்கம். கடையில் வாங்கிய அன்றாடப் பொருளையே கலைப்படைப்பாக வைப்பதைக் கலையுலகில் ‘ரெடிமேட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியது:

> கலைஞர் செய்வதில்லை, கடையில் தேர்ந்தெடுக்கிறார். ஆகவே ‘தேர்பொருள்’ என்போம்.

ஐயா, காரணம் சரி, சொல்தான் இடிக்கிறது. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் தேர்பொருள் என்றால், கல்பாத்தித் தேருக்கு வடம் வாங்கவா என்று கேட்பார்கள்.

என் ஓட்டு ‘ஆயத்தப்பொருளுக்கு’. இந்த வகைக்கு ‘ரெடிமேட்’ என்று பேர் வைத்த பிரெஞ்சுக் கலைஞர் மார்சல் டுஷாம்ப், 1915-இல் நியூயார்க் போனபோது அங்கே துணிக்கடையில் புழங்கிய சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார். அளவெடுத்துத் தைத்ததல்ல, தைத்து வைத்தது. நம்மிடம் ‘ஆயத்த ஆடை’ ஏற்கெனவே இருக்கிறது. சட்டை ஞாபகம் வருகிறதே என்று இங்கே ஒருவர் குறைபட்டிருந்தார். வரட்டுமே, மூலச்சொல்லிலேயே அந்தக் குறும்பு உண்டு.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு கள்ளுக்கடைக்குப் பின்னால், ஆணி அடித்த பலகையில் கழுவிய பாட்டில்களைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். 1914-இல் டுஷாம்ப் பாரிஸ் கடையில் வாங்கியதும் அந்த வேலைக்கான சாமான்தான்: அடுக்கடுக்கான வளையங்களில் முள் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தாங்கி. அவர் அமெரிக்கா போனபின் அறையை ஒழித்த தங்கை அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். (நம் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும்.)

1917-இல் ஆண்கள் கழிப்பறையில் இருக்கும் சிறுநீர்க் கோப்பை ஒன்றில் ‘ஆர். மட்’ என்று புனைபெயரில் கையெழுத்திட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். கட்டணம் கட்டிய எல்லாருடைய படைப்பையும் வைப்போம் என்றவர்கள் அதை மட்டும் வைக்கவில்லை. கையெழுத்து என்ன செய்யும் என்பது நமக்குப் புதிதில்லை. அம்மா கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் மாமா பேர் புள்ளிபுள்ளியாக வெட்டியிருக்கிறது. கடையில் அது வெறும் குடம். பேர் வெட்டியதும் மாமா கொடுத்த குடம்.

அப்புறம், அன்றாடப் பொருள் தெரிகிற எல்லாவற்றையும் இந்தச் சொல்லில் போட்டு அடைக்க வேண்டாம். அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸின் அமெரிக்கக் கொடி (1954–55) உருக்கிய மெழுகில் நிறம் கலந்து தீட்டியது. கோவையில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம் போன்றவை வருகின்றன, ஆனால் எல்லாம் கையால் எழுதியவை. இவை ஓவியம், அவ்வளவுதான். ஆற்றங்கரையில் கிடைத்த கட்டையைக் கொண்டுவந்து வைத்தால், அதற்குக் ‘கண்டெடுபொருள்’ போதும்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. 1913-இல் ஸ்டூல்மேல் சைக்கிள் சக்கரத்தை மாட்டினாரே, அந்த மாதிரிக் கைவைத்த ரகத்துக்கு என்ன சொல்வது? ‘இணைத்த ஆயத்தப்பொருள்’ ரயில் மாதிரி நீள்கிறது. யாராவது சுருக்கித் தாருங்கள்.