மீன் இல்லாத நாளில் ராஜ்மாவும் சோறும்: எங்கள் வீட்டு புரிட்டோ

மண்டபத்திலிருந்து

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. எங்கள் வீட்டில் அந்த இரண்டு மாதமும் என்ன சமைப்பது என்பதுதான் பெரிய யோசனை. நாட்டுப்படகு மீன் கரைக்கு வரும், ஆனால் விலையைக் கேட்டுவிட்டு வெறும் கையோடு திரும்பும் நாள்தான் அதிகம். வருமானம் நின்றிருக்கும். ஆண்கள் வலையைச் சரிபார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று வெயிலில் நிற்பார்கள், பசி மட்டும் குறையாது.

போன தடைக்காலத்தில் தங்கச்சி மகன் விடுமுறையில் வந்திருந்தான். வளைகுடாவில் ஒரு ஓட்டல் அடுக்களையில் நாலு வருடமாக வேலை பார்க்கிறான். "பெரியம்மா, மீன் இல்லாமலே வயிறு நிறைய ஒண்ணு செஞ்சு தர்றேன், சாயங்காலம் வரைக்கும் பசிக்காது" என்றான். அப்படித்தான் புரிட்டோ, அதாவது உள்ளே பண்டம் வைத்துச் சுருட்டிய மெக்ஸிகோ ரொட்டி, எங்கள் வீட்டுக்குள் வந்தது.

ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்குக் குட்டிக் கழுதை என்று அர்த்தமாம். மெக்ஸிகோவின் வடபகுதியில் கோதுமை விளைவதால் அங்கே கோதுமை ரொட்டியில் ஒன்றிரண்டு பொருளை மட்டும் வைத்து ஒல்லியாகச் சுருட்டுவார்கள் என்றும், சோறும் பீன்ஸும் திணித்த குண்டு புரிட்டோ 1960களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மிஷன் என்ற பகுதியில் பரவியது என்றும் மாவு பிசைந்துகொண்டே சொன்னான். எங்களுக்கு வேண்டியது அந்தக் குண்டு வகைதான்.

முதல் நாள் தோற்றுப்போனோம். கால் கிலோ ராஜ்மாவை ராத்திரியே ஊறவைத்து, காலையில் தக்காளியும் வெங்காயமும் சேர்த்துக் குக்கரில் போட்டேன். எட்டு விசில் விட்டும் மசியவில்லை. மேலும் ஐந்து விசில். தோல் அப்படியே ரப்பர் மாதிரி நின்றது. பிள்ளைக்கு முகமே வாடிவிட்டது. அங்கே எத்தனையோ பேருக்குச் சமைத்துப் போடுகிறவன், பெரியம்மா வீட்டில் ஒரு சட்டி பயறு வேகவில்லை என்றால் எப்படி இருக்கும்?

அத்தைதான் கேட்டார்கள், "எந்தத் தண்ணியில ஊறப் போட்டே?" போர் தண்ணீரில். சமைக்கக் காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீர், ஊறவைக்க மட்டும் உப்புத் தண்ணீர் போதும் என்று மிச்சம் பிடித்திருந்தேன். துவரம்பருப்பை உப்புத் தண்ணீரில் வேகவைக்கக் கூடாது என்று இந்தக் கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊறவைப்பதற்கும் அதே விதிதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நம் நிலத்தடி நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பயற்றின் தோலைப் பிடித்து இறுக்கிவிடும். வேகும் முன்பே போட்ட தக்காளியின் புளிப்பும் அதையே செய்யும். கடையில் வருடக்கணக்காகக் கிடந்த பயறாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நான் அந்த மூன்றையும் ஒரே நாளில் செய்திருந்தேன். அதை வீணாக்கவில்லை. ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு மறுபடி வேகவைத்து, கடைந்து, இரவுக்குக் குழம்பாக்கினோம்.

இரண்டாம் முறை ஊறவும் வேகவும் நல்ல தண்ணீரே. எட்டு மணி நேரம் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, உப்பு மட்டும் போட்டு ஆறு விசில். விரலால் நசுக்கினால் வெண்ணெய் மாதிரி போனது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது. அதில் இருக்கும் ஒரு நச்சு கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். நன்றாகக் கொதித்தால்தான் அது போகும். குக்கர் இல்லாதவர்கள் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அப்புறம் தீயைக் குறைத்து வேகவிடுங்கள். சிறு தீயிலேயே ஆரம்பிப்பதுதான் ஆபத்து.

வெந்த பயற்றில் பாதியை மசித்து, பாதியை முழுதாக விட்டு, எண்ணெயில் பூண்டும் சீரகமும் வெங்காயமும் வதக்கி அதில் போட்டுச் சுண்ட வதக்க வேண்டும். சட்டியின் ஓரம் விட்டு உருண்டு வரணும். தண்ணீர் நின்றால் ரொட்டி கிழிந்துவிடும். அவர்கள் ஓரிகானோ என்ற இலையைப் போடுவார்களாம். நம் கொல்லையில் நிற்கும் கற்பூரவல்லியில் கிட்டத்தட்ட அதே வாசம் வரும். இரண்டிலும் மணம் தரும் எண்ணெய்ப் பொருள் ஒன்றேதான் என்றான். இரண்டு இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டேன், சளிக்குக் கஷாயம் வைக்கிற இலை என்று யாருக்கும் தெரியவில்லை.

சோறு உதிரியாக வேண்டும். ஒன்றரைக் கப் பொன்னி அரிசியை எண்ணெயில் லேசாக வறுத்து, அரைத்த தக்காளியும் பூண்டும் சேர்த்து, குழையாமல் வடித்த மாதிரி எடுத்தால் சரி. இறக்கியதும் மல்லித்தழை, எலுமிச்சம்பழம்.

மாவுக்கு இரண்டு கப் மைதா, ஒரு கப் கோதுமை மாவு, கால் கப் எண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு. சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி முதலிலேயே தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மாவில் எண்ணெயை விட்டுக் கையால் பிசறி, புட்டுமாவு பதம் வந்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடினால், இழுத்த இழுப்புக்கு வரும். எட்டு உருண்டை. பெரிதாகத் தேய்க்க வேண்டியிருப்பதால் பலகையை விட்டுவிட்டு அடுக்களைத் திண்டிலேயே தேய்த்தோம். சூடான கல்லில் ஒரு பக்கம் அரை நிமிடம், திருப்பி இன்னொரு அரை நிமிடம், அவ்வளவுதான். மொறுமொறுப்பாகிவிட்டால் மடிக்க வராது. சுட்டதும் துணியில் சுற்றி வையுங்கள், அந்த ஆவியில்தான் மென்மையாகும்.

சுருட்டுவது பாய் சுருட்டுவது போல. நடுவில் நீளவாக்கில் சோறு, அதன் மேல் பயறு, கொஞ்சம் வடிகட்டிய கட்டித் தயிர், மிளகாய்ச் சாந்து. இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, கீழ் விளிம்பைத் தூக்கி இறுக்கி உருட்ட வேண்டும். மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி கல்லில் ஒரு நிமிடம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

இதை நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் என் நாத்தனார். சின்னப்பாலத்தில் இருக்கிறாள், கடல்பாசி எடுக்கப் போகிறவள். தீவுப் பக்கம் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள், அப்படியும் பாறையும் பவளமும் கீறிவிடும். அந்தக் கையால் குழம்புச் சோறு பிசைந்தால் மிளகாய் எரிச்சல் உயிர் போகும். அதனாலேயே பல நாள் வெறும் பழைய கஞ்சியைக் குடித்துவிட்டு வருவாள். ஒரு நாள் நாலு புரிட்டோவை வாட்டிய வாழையிலையில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் போன் போட்டாள். "மதினி, இலையப் பிடிச்சு அப்படியே கடிச்சோம், கையே படல." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை அனுப்பினேன்.

கட்டி அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. உள்ளே வைப்பது சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீர்கள். ஒரு முறை அப்படிச் செய்து, வியர்த்து, ரொட்டி கூழாகிவிட்டது. விசிறியடியில் ஆற வைத்துச் சுருட்டி, காலையில் கட்டியதை மதியத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நம் வெயிலுக்குச் சோறு சீக்கிரம் கெடும். வெளியே தங்கிய சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் அந்தக் கெடுதல் போகாது. அனுப்பும் நாளில் தயிரும் வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து

லாத்தா, பாசி எடுக்கிறவர்களின் கை விஷயத்தைப் படித்துவிட்டு என் உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நானும் இதைச் செய்கிறேன், ஆனால் ராஜ்மா இல்லை, தட்டைப்பயறு. நம் ஊர்ப் பக்கமே விளைகிறது, விலை குறைவு, இரண்டு மணி நேரம் ஊறினாலே வெந்துவிடும். ராஜ்மா அளவுக்கு மாவு மாதிரி மசியாது, மண்வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதற்கு வறுத்த சீரகப் பொடி ஒரு தேக்கரண்டி கூட்டினால் சரியாகிவிடும். மொச்சையிலும் செய்து பார்த்தேன், தோல் வாயில் நிற்கிறது, பிதுக்கிப் போட்டால்தான் நன்றாக வருகிறது. அந்த வேலைக்கு வீட்டில் இரண்டு பேராவது உட்கார வேண்டும்.

போன நோன்பில் சஹருக்கு, விடியும் முன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு, இதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. வாப்பாவுக்கு அந்த நேரத்தில் சோறு இறங்காது, இரண்டு பேரீச்சம்பழத்தோடு எழுந்துவிடுவார்கள், பிறகு மதியம் தலைசுற்றும். பாதி புரிட்டோவைக் கையில் கொடுத்தேன். பேசிக்கொண்டே முழுதையும் சாப்பிட்டுவிட்டார்கள். அஸர் தொழுகை வரைக்கும், அதாவது சாயங்காலம் வரைக்கும் சோர்வு தெரியவில்லை என்றார்கள். பயறும் அரிசியும் சேர்ந்தால் ஒன்றில் குறைகிற புரதப் பகுதியை மற்றது ஈடுகட்டும், நார்ச்சத்து இருப்பதால் மெதுவாகச் செரிக்கும் என்று தங்கை விளக்கினாள், அவள் சத்துணவு படிக்கிறாள். நான் சஹருக்காக முந்தின இரவே பயற்றையும் ரொட்டியையும் தயாராக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். சோறு மட்டும் அப்போதே வடிப்பது. அந்த நேரத்துக்கு உப்பும் உறைப்பும் குறைத்துப் போடுங்கள், பகலில் தாகம் எடுக்கும்.

சாயல்குடியிலிருந்து

வணக்கம். மிளகாய்ச் சாந்து என்று ஒரே வார்த்தையில் கடந்துவிட்டீர்களே அக்கா! நாங்கள் குண்டு மிளகாய், அதாவது முண்டு மிளகாய் போடுகிறவர்கள். 2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மானாவாரியில் மழையை நம்பி விதைத்து, தை மாசியிலிருந்து பழம் பறித்து, களத்தில் காயப்போட்டுக் காவல் இருக்கிற பயிர் இது.

மெக்ஸிகோவிலும் இதே மாதிரி உருண்டையாகக் காய்ந்த மிளகாய் ஒன்று உண்டு, பெயர் கஸ்கபெல். குலுக்கினால் உள்ளே விதை கிலுகிலுக்கும் என்பதால் அந்தப் பெயர். நம் குண்டு மிளகாயைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பாருங்கள், அதே சத்தம். ஆனால் கஸ்கபெல் உறைப்பு குறைந்தது. கஸ்கபெல் சாந்துக்கான ஒரு செய்முறையில் இருந்த கணக்குப்படி நம் மிளகாயில் பத்து மிளகாய் போட்டு நான் ஒரு முறை அரைத்துவிட்டேன், பிள்ளைகள் சாப்பிட முடியாமல் அழுதார்கள். எட்டு புரிட்டோவுக்கு நாலு மிளகாய் போதும், விதையைத் தட்டிவிட்டு.

வெறும் சட்டியில் சிறு தீயில் வாசம் வரும் வரை மட்டும் வாட்டுங்கள், கருகினால் கசக்கும். வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, சுட்ட தக்காளி ஒன்று, சுட்ட பூண்டு மூன்று பல், உப்பு சேர்த்து அம்மியில் அரைத்தால், நிறமே தனி. மிக்ஸியில் அரைப்பவர்கள் கொஞ்சம் திப்பியாகவே நிறுத்துங்கள். அரைத்ததை எண்ணெயில் ஒரு கொதி விட்டு எடுத்தால் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் தாங்கும்.

மண்டபத்திலிருந்து

தம்பி, நான் அரைத்தது வற்றலைப் பச்சையாக ஊறவைத்த சாந்து. வாட்டி அரைத்துப் பார்க்கிறேன். தக்காளியை அடுப்புக் கங்கிலேயே சுடுகிறேன், இப்போது தேங்காய் மட்டை நிறையக் கிடக்கிறது.

தங்கச்சி, தட்டைப்பயறு யோசனைக்கு ரொம்ப நன்றி. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும் என்றால் நல்ல தண்ணீரும் ஒரு குடத்துக்குள் அடங்கிவிடும். வெள்ளிக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் பயறு வாங்கிக்கொண்டு போகிறேன். அவளோடு முங்கப் போகிற இன்னும் ஆறு பெண்கள் எப்படிச் செய்வது என்று கேட்டார்களாம், அங்கேயே அடுப்புப் போட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம். அவர்களுக்குச் சாந்து இல்லாமல்தான் சுருட்டுவேன்.